காருக்குக் கொழுக்கட்டை கொட்டினோம்

எங்கள் காருக்குப் புதுச் சாமான் முளைக்கத் தொடங்கியது, மகள் ஆதிரைக்குக் கீழ்முரசில் முதற்பல் வெளிக்கிட்ட அதே கிழமையில்தான். அதனால் எனக்கு இரண்டையும் சேர்த்தே பார்க்கக்கூடியதாக இருந்தது, ஒருத்திக்கு வீணீர் துடைத்த துணியோடு போய் மற்றதுக்கும் ஒழுகின ஒயிலைத் துடைத்துவிட்டு வருவேன், இரண்டுக்கும் உடம்பு ஒரே மாதிரித்தான் சுட்டது.

கார் என்றால் ஒஸ்ரின் கார், இவரின் அப்பா பிறக்கிறதுக்கு முந்தியே இங்கிலாந்தில் செய்து கப்பலில் ஏற்றினது. இவர் என்றால் என் மனுசன் சுகிர்தன், நெல்லியடிச் சந்தியில் வாடகைக்குக் கார் ஓடுகிறவர். சந்தி வாகை மரத்துக்குக் கீழே அப்படிப்பட்ட கிழட்டுக் கார்கள் பன்னிரண்டு வரிசையாக நிற்கும், கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சனம் அவற்றைத்தான் கூப்பிடும், ஏனென்றால் புது வாகனம் வாங்க ஆராலும் ஏலாது, பழசுக்கோ சாமான் இல்லை, செய்த ஊரிலேயே அவற்றை மறந்துபோய்விட்டார்கள். அதனால் எங்கள் காரில் ஒஸ்ரின் பாதிதான், மிச்சம் எல்லாம் கார் திருத்துகிற கராச் திரவியம் அண்ணையின் கைவேலை. தையல் மெசினின் சுருள்கம்பி ஒன்று உள்ளே எதையோ இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது, பால்மா ரின்னின் மூடி பெற்றோல் தாங்கியை மூடியது, குளியலறைக் கதவின் கொளுக்கி முன்கதவைப் பூட்டியது, சைக்கிள் ரியூப்பால் வரிந்து கட்டின குழாயில் தண்ணி ஓடியது, இவ்வளவையும் சுமந்துகொண்டு அது மணமகளையும் கூட்டிக்கொண்டு போகும், பிணத்துக்கு முன்னாலும் போகும்.

அப்படி ஓடின கார் ஆனி மாதத்தில் ஒரு நாள் நின்றது. எஞ்சினுக்குள் கரண்டை நாலாகப் பிரித்து நாலு பிளக்குக்கும் அனுப்புகிற கறுத்த மூடி ஒன்று இருக்கிறது, ஒரு சிரட்டை அளவு, அது வெடித்துப்போனது. திரவியம் அண்ணை பசை வைத்து ஒட்டிப் பார்த்தார், மெழுகு உருக்கி ஊற்றிப் பார்த்தார், கொழும்பில் பழஞ்சாமான் விற்கிற தெருவுக்கெல்லாம் ரெலிபோன் எடுத்துப் பார்த்தார், பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் முற்றத்தில் குந்தினார்.

“இனி ஒண்டும் செய்யேலாது, சுகிர்தன். மூடி இல்லாட்டிக் கார் இல்லை. பின் சீற்றில கோழி வளக்கலாம்.”

“முன் சீற்றில?”

“அங்க சேவலை விடு. அதுதானே எங்கையும் முன்னுக்கு நிக்கும்.”

இவர் சிரிக்கவில்லை. கட்டாரில் இருக்கிற மச்சான் இவருக்கு ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார், அங்கேயும் கார் ஓடுகிற வேலைதான், இரண்டு வருசம். “அப்ப நான் போறன்,” என்று இவர் மாமியிடம் சொன்னார், மாமி என்றால் இவரின் அம்மா. “ஓடாத காருக்குக் காவல் இருந்து என்ன செய்யிறது?”

எனக்கு அப்போது சொல்ல இருந்தது ஒரேயொரு சொல். அது நெஞ்சால் ஏறி, நாக்கில் நின்று, வெளியே நாலு பேர் நிற்பதைப் பார்த்துத் திரும்ப வயிற்றுக்குள் போய்விட்டது. கலியாணம் முடித்து மூன்று வருசத்தில் இவரோடு நான் கதைத்ததை எல்லாம் ஒரு கொப்பியின் ஒரு பக்கத்தில் எழுதி முடிக்கலாம், அதிலும் பாதி ‘சாப்பிடுங்கோ’ என்றுதான் இருக்கும்.

இவர் எரிச்சலில் அந்த வெடித்த மூடியை எடுத்து எறிந்தார், அது எங்கள் ஓட்டுக்கூரையில் விழுந்து நின்றது. நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் நின்றேன். சின்னனில் எங்களுக்குப் பல் விழுந்தால் அதைக் கூரையில் எறிந்து அணிலிடம் புதுசு கேட்பிப்பார்கள், ஆர் எதைக் கூரையில் எறிந்தாலும் எனக்கு அந்தக் கதை தன்பாட்டில் வாயில் வரும், பழக்கம் அப்படி. ஒருத்தருக்கும் கேட்காமல் சொன்னேன்: “அணிலே அணிலே, பழசை நீ எடு, புதுசை எங்களுக்குத் தா.”

முகட்டிலிருந்து ஒரு அணில் இறங்கி வந்தது. மூடி அதைவிடப் பெரிசு. இரண்டு தரம் உருட்டிப் பார்த்து, மூன்றாம் தரம் வாயால் கவ்வி, பின்பக்கமாக இழுத்து இழுத்து, ஓட்டு மடிப்புக்குள் கொண்டுபோய்விட்டது.

நாலாம் நாள் விடிய, பிள்ளைக்குக் காய்ச்சல். கார்ப் பக்கம் போனால் அதுவும் சுட்டது, எஞ்சின் ஓடி ஒரு மாசமாகிறது, ஆனாலும் சுட்டது, கீழே ஒயில் ஒழுகி நிலம் ஊறியிருந்தது, அடிக்கடி ஒரு முனகல் வேறு. நான் முன்மூடியைத் தூக்கிப் பார்த்தேன். அந்தக் கறுத்த மூடி இருந்த இடத்தில் முளைத்த தேங்காய்க்குள் இருக்கிற பூரான் மாதிரி வெள்ளையாக, உருண்டையாக ஒரு முளை. நான் ஒன்றும் யோசிக்கவில்லை, பிள்ளைக்கு ஒத்தின ஈரத்துணியின் மற்றப் பக்கத்தால் அதற்கும் ஒத்திவிட்டு, மூடிவிட்டு வந்தேன்.

இவர் கண்டது அடுத்த நாள். திரவியம் அண்ணையைக் கூட்டிக்கொண்டு வந்தார், அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, குனிந்து, சுண்டுவிரல் நகத்தால் மெல்லத் தட்டிப் பார்த்து, நிமிர்ந்தார்.

“முளைக்குது,” என்றார்.

“முளைக்குதோ?”

“பின்ன என்ன, சமைக்குதோ? கைவையாதை, பிஞ்சு. முத்திக் கறுக்க ரெண்டு கிழமை செல்லும். வயரைக் கிட்டக் கொண்டுபோகாதை, கூச்சப்படும்.” பிறகு கொஞ்சம் கோபமாகச் சொன்னார்: “நான் ஒரு மாசம் நாய் மாதிரி அலைஞ்சன். உது நினைச்சிருந்தா முந்தியே முளைச்சிருக்கலாம்.”

அதோடு ஊருக்குத் தெரிந்துவிட்டது. வந்து பார்த்த பெண்கள் ஒருத்தரும் ஏன் முளைக்கிறது என்று கேட்கவில்லை, எத்தனை நாள், இரவில் அழுகிறதோ, வயிற்றால் போகிறதோ என்றுதான் கேட்டார்கள். ஒருத்தி வசம்பை நூலில் கோத்துக் கொண்டுவந்து ஸ்ரேறிங்கில் கட்டினாள், ஒருத்தி வெயில் படக்கூடாது என்று தன் பழைய சேலையை மேலே விரித்தாள், கண்படும் என்று ஆரோ முன்கண்ணாடியில் பெரிய கறுத்தப் பொட்டு ஒன்றும் வைத்துவிட்டுப் போனார்கள். போக்குவரத்துப் பொலிஸ்காரர் வந்து, எட்டிப் பார்த்து, வளர்ந்துகொண்டிருக்கிற சாமானுக்குத் தண்டம் எழுதச் சட்டம் இல்லை என்று சொல்லி, ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுப் போனார். கிராம சேவகர் இதை வீட்டு ஆட்களின் பதிவில் சேர்க்கவோ வேண்டாமோ என்று மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார், இன்னும் பதில் வரவில்லை.

ஆதிரைக்குப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டவேண்டிய நாள் வந்தது. முதற்பல் வந்த பிள்ளையை இருத்தி, தலையில் வெள்ளைத்துணி பிடித்து, சின்னச் சின்னக் கொழுக்கட்டைகளைத் தலையால் கொட்டுவது எங்கள் வழக்கம், பிறகு முன்னால் ஒரு தட்டில் கொப்பியும் பேனையும் சங்கிலியும் கத்தரிக்கோலும் வைப்பார்கள், பிள்ளை எதைத் தொடுகிறதோ அதுதான் அதன் வழி என்று சொல்வார்கள். மாமி மா குழைக்கத் தொடங்கும்போதே இரண்டு பங்காகக் குழைத்தா.

“எதுக்கு மாமி இவ்வளவு?” என்று கேட்டேன்.

“ஒரு வீட்டில ரெண்டுக்கு முளைச்சிருக்கு. ஒண்டுக்கு மட்டும் கொட்டினா மற்றது ஏங்காதே? நீயும் ஒரு தாய், பிள்ளை.”

அப்படித்தான் நாங்கள் காருக்கும் கொழுக்கட்டை கொட்டினோம். ஆதிரை கொப்பியையும் பார்க்கவில்லை, சங்கிலியையும் பார்க்கவில்லை, தலையால் உருண்ட ஒரு கொழுக்கட்டையைப் பிடித்து வாயில் வைத்தாள், சாப்பாட்டுக் கடை வைப்பாள் என்று எல்லாரும் மகிழ்ந்தார்கள். பிறகு காரின் முன்மூடியில் வெள்ளை வேட்டி விரித்து மாமி குண்டானோடு கவிழ்த்தா. கார்ச் சங்கத் தலைவர் பேரின்பம் அண்ணை அதற்கென்று தனியாக ஒரு தட்டு ஒழுங்குபண்ணி வந்திருந்தார், அதில் ஒரு மணமாலை, ஒரு கிளினிக் கொப்பி, ஒரு சின்னச் சூட்கேஸ். பிறேக்கை விட்டுவிட்டு எல்லாரும் தள்ளி நின்றார்கள். சமநிலம்தான், ஒருத்தரும் தொடவில்லை. கார் மெல்ல அசைந்து, மாலையைத் தாண்டி, கொப்பியைத் தாண்டி, முன்ரயரைச் சூட்கேசில் முட்டிக்கொண்டு நின்றது.

“எயார்போட் ஹயர்!” என்று கத்தினார் பேரின்பம் அண்ணை. “இனிக் கட்டுநாயக்கா ஓட்டந்தான்!”

எல்லாரும் கைதட்டினார்கள். நான் மட்டும் அந்தச் சூட்கேசை இழுத்தெடுத்துக் குசினிக்குள் கொண்டுபோய் வைத்தேன்.

மூடி முத்திக் கறுத்ததும் கார் ஒரே தட்டில் எழும்பியது. ஆனால் அதோடு நிற்கவில்லை. கீழே புதுசு தள்ளத் தள்ள திரவியம் அண்ணையின் கைவேலைகள் ஒவ்வொன்றாக ஆடத் தொடங்கின, ஒரு நாள் தையல் மெசின் சுருள்கம்பி விழுந்தது, ஒரு நாள் பால்மா மூடி, ஒரு நாள் கொளுக்கி, நான் காலமை நாப்கின் காயப்போடப் போகிறபோது அவற்றைப் பொறுக்கி, கூரையில் எறிந்து, அணிலிடம் சொல்லிவிட்டு வருவேன். அது நின்று கேட்கும். அதனோடு கதைக்க எனக்கு வெட்கம் இல்லை. கார் ஓடினால் இவர் போகமாட்டார் என்ற நினைப்பில், ஒரு சாமானையும் விடவில்லை. திரவியம் அண்ணைதான் மனம் நொந்துபோனார். “என்ர கைவேலையெல்லாம் துப்புது,” என்று வருகிற போகிறவர்களிடம் எல்லாம் முறையிட்டார்.

சங்கத்தின் மற்றப் பதினொரு கார்க்காரரும் சும்மா இருப்பார்களோ. சுகிர்தன் கூரையில் எறிந்தானாம், முளைத்ததாம், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். நெல்லியடி முழுக்க ஓடு உடைந்தது. ஒருத்தர் எறிந்த பிறேக் சட்டி கூரைத் தகட்டைத் துளைத்துக்கொண்டு, கட்டிலில் படுத்திருந்த பெரியவரின் செம்பை நெளித்தது, ஒருத்தர் றேடியேற்றரையே கயிறு கட்டி ஏற்றினார், ஒன்றும் முளைக்கவில்லை, காகம்தான் வந்து தண்ணி குடித்தது. எனக்குப் பாவமாக இருந்தது. சந்தியில் போய் ஆம்பிளையளுக்குச் சொல்ல ஏலுமோ, அணிலிடம் கேட்கிறதை மாமியின் காதில் சொன்னேன்.

மாமி என்னை ஒரு கணம் பார்த்தா. பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே சந்திக்குப் போய், வாகை மரத்துக்குக் கீழ் நின்று, தானே கண்டுபிடித்த மாதிரி அறிவித்தா.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் பார்க்கவேண்டும். மீசைவைத்த, நரைத்த, சாரம் மடித்துக் கட்டின ஆம்பிளையள் தங்கள் தங்கள் முற்றத்தில் நின்று, அக்கம்பக்கம் பார்த்து, ‘அணிலே’ என்று முணுமுணுத்தார்கள். பேரின்பம் அண்ணை தேத்தண்ணிக் கடையில் வடை சொல்கிற மாதிரி அதட்டிச் சொன்னார், அணில் திரும்பியும் பார்க்கவில்லை.

“உப்பிடியே கேக்கிறது?” என்று மாமி வேலிக்கு மேலால் கத்தினா. “உனக்கு ஆறு வயசெண்டு நினைச்சுக் கேள்! வேணுமெண்டு கேள்!”

பேரின்பம் அண்ணையின் காரும் பிறேக் போய் நின்றிருந்தது. அவரின் மனுசிக்கு ஒவ்வொரு செவ்வாயும் ஆஸ்பத்திரியில் கிளினிக், கார் நின்றதில் இருந்து அவ பஸ்சில் நின்றுகொண்டே போய் வந்தவ. அவர் நிலத்தில் முழந்தாளிட்டார். “அணிலே அணிலே,” என்றார், குரல் உடைந்தது, “பிறேக் ஒண்டு தா அப்பு. ஏலாம இருக்கடா.” அணில் இறங்கி வந்தது.

பிறகு ஊர் முழுக்க முனகல், ஊர் முழுக்க ஒழுகல், வசம்புக்குத் தட்டுப்பாடு. சனம் ஓட்டத்துக்குக் கார் கேட்டுவந்தால், “காய்ச்சல், வாற கிழமை பாப்பம்” என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கள் கார் மட்டும் முழுசாய்த் தேறி, மேனி மினுமினுக்க, இருபது வயசுப் பெடியன் மாதிரிப் பாய்ந்தது.

ஆவணி பிறந்தது. ஒரு நாள் மத்தியானம் இவர் சாப்பிட்டுக்கொண்டு மாமியிடம் சொன்னார்:

“அம்மா, மற்ற வெள்ளிக்கு ரிக்கற் வந்திட்டுது.”

“என்ன ரிக்கற்? கார்தான் ஓடுதே!”

“அதாலதான் போறன். ஓடாமக் கிடந்திருந்தா உங்கள மூண்டு பேரையும் ஆரை நம்பி விட்டிட்டுப் போறது? இப்ப கார் கல்லு மாதிரி உறுதியா இருக்கு. பேரின்பமண்ணைக்குத் தன்ர கார் பிறேக் முளைக்குமட்டும் வேலை இல்லை, அவர் ஓடட்டும். நான் நிம்மதியாப் போட்டு வாறன்.”

நான் சோற்றுக் கரண்டியோடு நின்றேன். சுருள்கம்பி, மூடி, கொளுக்கி என்று விடியவிடியப் பொறுக்கி எறிந்து எறிந்து, இவர் போகிறதுக்கு வழியை நானே துப்புரவாக்கிக் கொடுத்திருக்கிறேன். “இன்னும் கொஞ்சம் சோறு போடட்டே?” என்றுதான் கேட்டேன்.

வெள்ளி பின்னேரம், கொழும்பு பஸ் சந்தியில் ஐந்தரைக்கு. ஸ்ரேறிங்கில் பேரின்பம் அண்ணை, இவர் பக்கத்தில், நானும் மாமியும் பிள்ளையும் பின்னால். நான் உள்ளுக்குள் காரைக் கெஞ்சினேன், நில்லேன், ஒரு தரம் நில்லேன், முந்தியெல்லாம் எத்தனை தரம் நின்றாய். அது நிற்கவில்லை. ஒரு விக்கல் இல்லை, ஒரு இருமல் இல்லை, குழி பள்ளத்தில்கூடப் பஞ்சில் போகிற மாதிரிப் போனது.

“பாத்தியே ஓட்டம்,” என்றார் பேரின்பம் அண்ணை. “வெண்ணெய்!”

சந்தி தெரிந்தது. பஸ் நின்றது, கொண்டக்ரர் ‘கொழும்பு கொழும்பு’ என்று தட்டிக்கொண்டு நின்றான். எனக்கு அண்ணாந்து பார்க்கக் கூரையும் இல்லை, கேட்க அணிலும் இல்லை, முன்னால் இவரின் பிடரி மட்டும்தான் தெரிந்தது, புதுசாக மயிர் வெட்டினது, ஒரு சின்னப் பிள்ளையின் பிடரி மாதிரி. ஆறு வயசென்று நினைத்துக்கொண்டேன். வேணும் என்று நினைத்துக்கொண்டேன்.

“இஞ்சேருங்கோ,” என்றேன். “போகாதேங்கோ.”

பேரின்பம் அண்ணை பிறேக்கை மிதித்தார். மாமியின் தலை முன் சீற்றில் முட்டியது.

இவர் திரும்பினார். “என்ன சொன்னனீர்?”

“போகாதேங்கோ எண்டனான்.” இரண்டாம் தரம் இன்னும் சத்தமாக வந்தது, கொண்டக்ரரும் திரும்பிப் பார்த்தான். “எனக்கு நீங்கள் வேணும். கார் ஓடினாலும் வேணும், ஓடாட்டியும் வேணும்.”

“உதை நீர் முந்தியே சொல்லியிருக்கலாமெல்லே?”

“நீங்கள் கேட்டனீங்களே?”

இவர் என்னைப் பார்த்தார், பஸ்சைப் பார்த்தார், மடியில் இருந்த கடதாசிகளைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. முகம் நெருப்பாய்ச் சுட்டது, ஆனாலும் எடுக்கவில்லை.

“மச்சானுக்கு என்ன சொல்லுறது?” என்றார், மெதுவாக.

“நான் சொல்லுறன்,” என்றேன்.

மாமி நெற்றியைத் தடவிக்கொண்டே வாயைப் பொத்தினா. கொண்டக்ரர் ஜன்னலால் எட்டி, “அண்ணை, ஏறுறீங்களோ இல்லையோ? பஸ் வெளிக்கிடப்போகுது!” என்றான்.

இவர் கதவைத் திறந்து இறங்கினார். காரின் முன்பக்கத்தால் சுற்றி வந்தார், பஸ் பக்கம் போகவில்லை, பேரின்பம் அண்ணையின் கதவடியில் வந்து நின்றார்.

“தள்ளி இருங்கோ அண்ணை. நான் ஓடுறன்.”

“அப்ப எனக்கு வேலை?”

“உங்கட கார் முளைக்குமட்டும் காலமை நீங்கள், பின்னேரம் நான்.”

பேரின்பம் அண்ணை முனகிக்கொண்டு மற்றச் சீற்றுக்கு அரக்கினார். இவர் ஏறி இருந்து கண்ணாடியைத் திருப்பினார், அதற்குள் என்னைப் பார்த்தார், நான் சிரித்தேனோ அழுதேனோ தெரியவில்லை. பஸ் புகையைக் கக்கிக்கொண்டு போனது. அந்தப் புகைக்குள்ளால் ஒரு அம்மா, இரண்டு பை மரக்கறியும் ஒரு சாக்குத் தேங்காயுமாக ஓடி வந்து, ஜன்னலில் கையை வைத்தா.

“தம்பி, பருத்தித்துறைக்கு வருவியளோ? என்ர பஸ்ச விட்டிட்டன்.”

“வருவம் அம்மா, ஏறுங்கோ,” என்றார் இவர்.

“உள்ளுக்கு இடமில்லையே ராசா.”

“கிடக்கு,” என்று நான் சொன்னேன், பிள்ளையை மடியில் தூக்கி வைத்து, மாமியை நெருக்கி, அந்தத் தேங்காய்ச் சாக்குக்கும் சேர்த்து இடம் பண்ணினேன்.